சித்துண்டர்லாக் இல்லாமல் காட்டுக்குப் போகாதீர்கள்

ஸ்வீடனுக்கு வந்த முதல் அக்டோபரில், அலுவலகத்து ஆட்கள் கூப்பிட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு காட்டுக்குப் போனேன். ஜீன்ஸ், பருத்திச் சட்டை, மேலே சென்னையில் வாங்கிய ‘குளிர்கால’ ஜாக்கெட். ஒரு மணி நேரம் நடந்ததும் ஏரிக்கரையில் காபி குடிக்க உட்கார்ந்தார்கள். ஆளாளுக்குப் பையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு நுரைத் துண்டை எடுத்துப் பாறையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். நான் வெறும் பாறையிலேயே உட்கார்ந்தேன். பார்க்க உலர்ந்துதான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் பின்பக்கம் சில்லென்று ஈரம், பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது, அவர்களோ அசையவே காணோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் மேசைமேல் ஒரு நீல நிற நுரைத் துண்டு கிடந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது.

அதன் பெயர் சித்துண்டர்லாக். உட்காரும்போது அடியில் போட்டுக்கொள்வது, அவ்வளவுதான் அர்த்தம். இந்த ஊரில் வெளியே போவதைப் பற்றி எனக்குப் புரிந்ததில் பெரும்பகுதி அந்தத் துண்டில் தொடங்கியதுதான். இவர்கள் இதை ஃப்ரீலுஃப்ட்ஸ்லீவ் என்கிறார்கள், திறந்தவெளி வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டால் மலையேற்றம், சாகசம் என்று தோன்றும். ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வது கொஞ்சம் நடந்துபோய், ஓர் இடத்தில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுத் திரும்புவதுதான். மழையிலும் குளிரிலும் வெளியே சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும். அதற்குத்தான் இந்தக் குறிப்புகள். புதிதாக வந்திருப்பவர்களுக்கு, அப்புறம் வந்து பத்து வருடமாகியும் ஷாப்பிங் சென்டரைத் தாண்டாதவர்களுக்கும்.

யார் காட்டில் உட்காருவது?

முதல் கேள்வி இதுதான். “இது யாருடைய இடம்? விரட்ட மாட்டார்களா?” நாட்டின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடு. அந்தக் காட்டில் ஏறத்தாழப் பாதி தனிநபர்களுக்குச் சொந்தம். ஆனாலும் நீங்கள் நடக்கலாம், உட்காரலாம், பழம் பறிக்கலாம், ஓர் இரவு கூடாரம் போட்டுத் தூங்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காசு கட்ட வேண்டாம். இதற்குப் பெயர் அல்லெமான்ஸ்ரெத்தன், எல்லோருக்குமான உரிமை. 1994 முதல் இது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. ஆனால் என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகப் பட்டியல் போட்ட தனிச்சட்டம் எதுவும் கிடையாது. பழக்கமாக வந்தது, மற்ற சட்டங்கள் அதற்கு வேலி போட்டிருக்கின்றன. சுருக்கமாக இரண்டே சொல்லில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்: தொந்தரவு செய்யாதே, பாழாக்காதே.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? வீட்டைச் சுற்றியுள்ள பகுதி அவர்களுடையது. அதற்கு இத்தனை மீட்டர் என்று கணக்கு கிடையாது, அவர்கள் சன்னல் வழியாகப் பார்த்தால் நீங்கள் கண்ணில் படக்கூடாது, உங்கள் சிரிப்புச் சத்தம் அவர்கள் காதில் விழக்கூடாது என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது. பயிர் நிற்கும் வயலை மிதிக்கக்கூடாது. மேய்ச்சல் நிலத்து வேலிக் கதவைத் திறந்தால், போன பிறகு மூட வேண்டும். வண்டியைச் சாலையை விட்டு இறக்கிக் காட்டுக்குள் ஓட்டக்கூடாது. உயிரோடு இருக்கும் மரத்தின் கிளையை ஒடிப்பதும் பட்டையை உரிப்பதும் தப்பு. பிர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டை தீமூட்ட அருமையாக இருக்கும், கை துறுதுறுக்கும், உரித்துவிடாதீர்கள். ஆர்க்கிட் வகைப் பூக்கள் நாடு முழுக்கப் பாதுகாக்கப்பட்டவை, பறிக்கவே கூடாது. நாய் வைத்திருப்பவர்கள் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை காட்டில் அதை அவிழ்த்து ஓடவிடக் கூடாது, காட்டு விலங்குகள் குட்டி போடும் காலம். தேசியப் பூங்காக்களுக்கும் இயற்கைக் காப்பிடங்களுக்கும் தனி விதிகள் உண்டு. நுழையும் இடத்தில் பலகை இருக்கும், நின்று படித்துவிட்டுப் போங்கள்.

நம் ஆட்கள் இருபது முப்பது பேராகச் சேர்ந்து, ஸ்பீக்கர், பிரியாணி அண்டா சகிதம் கிளம்புவதுண்டு. தப்பென்று சொல்லவில்லை. ஆனால் பெரிய கூட்டமாகப் போய்க் கூடாரம் போடுவதென்றால் நில உரிமையாளரிடம் கேட்க வேண்டும். ஸ்பீக்கரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது

கார் வேண்டாம். ஸ்டாக்ஹோமில் இருந்தால் பச்சை நிற மெட்ரோவில் ஏறி பியோர்க்ஹாகனில் இறங்குங்கள். சுமார் 1,000 கி.மீ. நீளமுள்ள சோர்ம்லான்ட்ஸ்லேடன் நடைபாதை அந்த நிலையத்திலிருந்துதான் தொடங்குகிறது. மரங்களில் ஆரஞ்சு நிற வண்ணம் பூசியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். சற்று நேரத்திலேயே ஏரி வந்துவிடும். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். முதல் நாள் மூன்று கி.மீ. போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் போனது போனதுதான். பழைய காடு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் தெற்கே 20 கி.மீ. தொலைவில் தீரெஸ்டா தேசியப் பூங்கா. 400 வயதான பைன் மரங்கள் அங்கே இருக்கின்றன, 1999இல் எரிந்த பகுதியையும் பார்க்கலாம்.

ஆனால் அன்றாடப் பழக்கம் என்று பார்த்தால் இந்த இடங்களை எல்லாம் விட முக்கியமானது உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எல்யூஸ்ஸ்போர். காட்டுக்குள் சுற்றிவரும் ஒரு தடம், வழிநெடுக விளக்குக் கம்பங்கள், பெரும்பாலும் இரண்டரை அல்லது ஐந்து கி.மீ. அனேகமாக எல்லா ஊரிலும் நகராட்சியே போட்டு வைத்திருக்கும். நவம்பரில் இங்கே மூன்று மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், டிசம்பரில் அதற்கும் முன்னால். வேலை முடிந்து ஐந்து மணிக்குக் கும்மிருட்டில் மக்கள் இங்கே ஓடிக்கொண்டும் நடந்துகொண்டும் இருப்பதைப் பார்த்தால் முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். இரண்டாவது குளிர்காலத்தில் நீங்களும் போவீர்கள். போகாவிட்டால் ஜனவரிக்குள் மனசு என்னவோ போல் ஆகிவிடும், அனுபவித்துச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: பனி விழுந்த பிறகு இதே தடத்தில் சறுக்குக்கட்டைக்காக இரண்டு கோடுகள் இழுத்து வைத்திருப்பார்கள். அந்தக் கோட்டில் மட்டும் கால் வைக்காதீர்கள். வாய் திறந்து பேசாத ஸ்வீடன்காரரும் அங்கே பேசுவார். அப்புறம், ஜாக்கெட்டில் ஒளி பிரதிபலிக்கும் பட்டையோ தொங்கட்டானோ இல்லாமல் இருட்டில் சாலையோரம் நடக்காதீர்கள். இங்கே சின்னப் பிள்ளையிலிருந்து பாட்டி வரை எல்லோரும் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

உடை

என் மகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அவளுடைய பாலர் பள்ளி, அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். சேர்ந்த முதல் வாரம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கம்பளி உள்ளாடை ஒரு ஜோடி, கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, கையுறை மூன்று, மழைக்கு ரப்பர் மாதிரியான முழுக்கால்சட்டை. அந்தக் கால்சட்டைக்குக் காலோன் என்று பெயர், தோளில் வார் வைத்து மாட்டுவது. மூன்று ஜோடி கையுறை எதற்கு என்று கேட்டேன். “காலையில் ஒன்று நனையும், மதியம் ஒன்று நனையும்” என்றார் டீச்சர், மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மழை கொட்டினாலும் பிள்ளைகள் வெளியேதான். சேற்றுக் குட்டையில் உட்கார்ந்தே விளையாடுகிறார்கள். சாயங்காலம் அழைத்துவரப் போனால் நுழைவாயிலில் அலமாரி போல ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். அதன் கதவைத் திறந்தால் சூடான காற்றும் ஈரக் கம்பளி வாசமும் முகத்தில் அடிக்கும், உள்ளே இருபது பிள்ளைகளின் காலோனும் கையுறையும் வரிசையாகத் தொங்கும். துணி உலர்த்தும் அலமாரி. கைக்குழந்தைகளைப் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் குளிரிலும் தள்ளுவண்டியில் போர்த்தி வெளியே தூங்க வைப்பார்கள். ஊரிலிருந்து வீடியோவில் பார்த்த என் அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பெரியவர்களுக்கும் கணக்கு அதேதான். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, நடுவில் கனமான கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று. பருத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். வியர்வையில் நனைந்தால் அது காயவே காயாது, நடக்கும்போது தெரியாது, உட்கார்ந்த உடனே தெரியும். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். அதே காரணத்துக்காக, கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் அதிகமாகப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், பத்து நிமிடத்தில் வியர்க்கும். மிச்சத்தைப் பையில் வைத்து, உட்காரும் இடம் வந்ததும் உடம்பு ஆறுவதற்கு முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைத்தான் நம் ஆட்கள் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம், வாசலில் மூட்டை மாதிரி கிளம்பி, நடுவழியில் கழற்றி, உட்காரும் இடத்தில் நடுங்குகிறோம்.

‘மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, மோசமான உடைதான் உண்டு’ என்று இவர்கள் நாளுக்கு ஒரு முறையாவது சொல்வார்கள். அவர்கள் மொழியில் வானிலைக்கு வேதெர், உடைக்குக் க்ளேதெர், எதுகை அழகாக விழுகிறது, அதனால் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முழுக்க உண்மை இல்லை. நவம்பரில் கோத்தன்பர்க்கில் பக்கவாட்டில் அடிக்கும் மழைக்கு எந்த உடையும் பதில் சொல்லாது. விலை உயர்ந்த பிராண்டு ஜாக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பழைய பொருள் விற்கும் கடைகளில் கம்பளி ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் மலிவாகக் கிடைக்கும். காசு செலவழிப்பதென்றால் காலணிக்குச் செலவழியுங்கள்.

காபியும் நெருப்பும்

ஃபீக்கா என்றால் காபியும் கூட ஏதாவது தின்பதும். காட்டில் அதற்கு ஃப்ளாஸ்க், இலவங்கப்பட்டை பன், சீஸ் வைத்த ரொட்டி. நான் இஞ்சி தட்டிப் போட்ட டீயும் எலுமிச்சைச் சாதமும் கொண்டுபோகிறேன், யாரும் முகம் சுளித்ததில்லை, ஒரு வாய் கேட்டதுதான் உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து முதுகைக் காட்டி உட்காருங்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. நால்வர் சேர்ந்து கால் மணி நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பது இங்கே சண்டை இல்லை.

நடைபாதை ஓரங்களில் மூன்று பக்கம் மூடி முன்பக்கம் திறந்த மரக்குடில்கள் இருக்கும், வின்ட்ஷீட் என்பார்கள். முன்னால் கல் அடுக்கிய அடுப்பு, சில இடங்களில் நகராட்சி விறகும் வைத்திருக்கும். பக்கத்தில் மரக் கழிப்பறை, கதவில் பல நேரம் இதய வடிவத்தில் ஓர் ஓட்டை. குடிலில் ஏற்கெனவே ஆள் இருந்தால் ‘ஹெய்’ சொல்லிவிட்டு அடுப்பைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். குச்சியில் சாஸேஜ் செருகிச் சுடுவார்கள். சைவக்காரர்கள் சோளக்கதிர் கொண்டுபோங்கள், மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் மறக்க வேண்டாம்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கோடையில் காய்ந்திருக்கும்போது தீமூட்டத் தடை போடுவார்கள், எல்ட்னிங்ஸ்ஃபொர்பூத் என்று பெயர். கிளம்பும் முன் நகராட்சி இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். 2014இல் வெஸ்ட்மன்லான்ட் பகுதியில் காட்டு வேலை செய்த ஓர் இயந்திரத்திலிருந்து பறந்த தீப்பொறியால் ஏறக்குறைய 14,000 ஹெக்டேர் எரிந்தது. 2018 கோடையில் நாட்டின் பல பக்கமும் ஒரே நேரத்தில் தீ. அதற்குப் பிறகு தடை நாளில் புகை தெரிந்தால் யாராவது உடனே போன் போட்டுவிடுவார்கள். தடை இல்லாத நாளிலும் ஏற்கெனவே இருக்கும் அடுப்பில்தான் மூட்ட வேண்டும். பாசி, கரி மண் மேல் மூட்டினால் தீ அடியில் புகைந்துகொண்டே போய் நாட்கணக்கில் கழித்துக்கூட வேறிடத்தில் கிளம்பும். வழுவழுப்பான பாறைமேல் மூட்டினால் பாறை வெடித்துவிடும், பனியுகம் இழைத்து வைத்த பாறை, அந்தக் காயம் ஆறவே ஆறாது. தரையில் கிடக்கும் சுள்ளியும் பைன் காயும் எடுக்கலாம். தண்ணீரை முதலில் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்புறம் தீக்குச்சியைக் கிழியுங்கள். போகும்போது சாம்பலில் கை வைத்துப் பார்த்து, சுடவில்லை என்றால் கிளம்புங்கள்.

பழம், காளான்

ஜூலை நடுவிலிருந்து காட்டுத் தரையெல்லாம் ப்ளோபேர். கடையில் விற்கும் பெரிய புளூபெரி வேறு, அது உள்ளே வெள்ளை. இது சின்னது, உள்ளேயும் கருநீலம், தின்றால் நாக்கும் பல்லும் விரலும் நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். முழங்கால் உயரம்கூட இல்லாத செடி, குனிந்தே இருக்க வேண்டும், சித்துண்டர்லாக்கைப் போட்டு உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் வட்டத்தைப் பறித்துவிட்டு அப்புறம் நகர்ந்து உட்காருவது என் முறை. சீப்பு போலப் பல் வைத்த ஒரு கையேந்தியும் விற்கிறார்கள், வேகமாக வரும், இலையும் சேர்ந்து வரும். ஆகஸ்ட் கடைசியில் லிங்கொன் தொடங்கும். சிவப்பு, புளிப்பும் துவர்ப்பும், எனக்குக் களாக்காய் ஞாபகம் வரும். லிங்கொனில் பென்சோயிக் அமிலம் இயற்கையாகவே இருக்கிறது, அதனால் கெடாது. அடுப்பில் ஏற்றாமல் சர்க்கரை போட்டுக் கிளறிக் குளிர்பெட்டியில் வைத்தாலே மாதக்கணக்கில் இருக்கும். நாங்கள் நல்லெண்ணெய், பெருங்காயம், வெந்தயப்பொடி போட்டு ஊறுகாய் ஆக்குகிறோம். தயிர்ச்சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்ட பிறகு மாங்காய் ஊறுகாயை யாரும் தேடவில்லை. வடக்கே சதுப்பு நிலத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஹ்யூர்த்ரூன் கிடைக்கும். எங்கே கிடைக்கும் என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள், சொந்தத் தம்பிக்கே சொல்ல மாட்டார்கள்.

பறித்ததை விற்கவும் செய்யலாம், ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரை வரி கிடையாது.

காளான்தான் இங்கே பெரிய பைத்தியம். மழை பெய்த ஆகஸ்டுக்குப் பிறகு கூடையோடு அலைவார்கள். எல்லோரும் தேடுவது கான்டரெல், முட்டையின் மஞ்சள் கரு நிறம். முதல் வருடம் இது ஒன்றை மட்டும் பறியுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: அடியில் தாள் மாதிரித் தனித்தனித் தகடுகள் இருக்காது, சதையே மடிந்து வரிவரியாகக் காம்பில் இறங்கி ஓடும், நகத்தால் பிரித்தெடுக்க முடியாது. கிழித்தால் உள்ளே வெளிறிய நிறம். முகர்ந்தால் ஆப்ரிகாட் பழ வாசம். போலிக் கான்டரெல் ஒன்று உண்டு, அது இன்னும் அடர்ந்த ஆரஞ்சு, மெத்தென்று இருக்கும், அடியில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக இருக்கும். அதைத் தின்றால் சாக மாட்டீர்கள், ஆனால் வயிறு கெடலாம்.

சாகடிப்பவை வேறு. வித் ஃப்ளூக்ஸ்வாம்ப் என்று ஒரு வெள்ளைக் காளான், தொப்பி, காம்பு, அடித்தகடு எல்லாமே வெள்ளை, காம்பில் பாவாடை மாதிரி ஒரு வளையம், அடியில் மண்ணுக்குள் ஒரு பை. பார்க்க அத்தனை அழகு. ஆசிய நாடுகளில் தின்னும் வெள்ளைக் காளான்கள் சிலவற்றின் சாயல் இதற்கு உண்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ‘எங்கள் ஊர்க் காளான்’ என்று நம்பிப் பறித்து ஈரலைப் பறிகொடுத்திருக்கிறார்கள். நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது இதை. மழைக்குப் பிறகு ஊரில் பாட்டி பறித்துவந்த காளான் மாதிரியே இருக்கிறது என்று தோன்றினால் கையை எடுத்துவிடுங்கள். இன்னொன்று தொப்பிக் கிஃப்ட்ஸ்பின்ட்லிங், செம்பழுப்பு நிறம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இலையுதிர் காலத்தில் பாசிக்குள் கூட்டமாக முளைக்கும் பழுப்புக் கான்டரெல்லை இரண்டு கையாலும் அள்ளும்போது நடுவே இது கலந்து வந்துவிடும். இரண்டு விஷத்துக்கும் பொதுவான கொடுமை, தின்ற உடனே ஒன்றும் தெரியாது. முதலாவதற்கு அரை நாள், இரண்டாவதற்குப் பல நாள்கூட ஆகலாம். சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 112 அழைத்து ‘கிஃப்ட்இன்ஃபொர்மஷூன்’, அதாவது விஷத் தகவல் மையம், என்று கேளுங்கள். செயலியில் படம் எடுத்துப் பார்த்து நம்புவது வேண்டவே வேண்டாம். இலையுதிர் காலத்தில் பல ஊர்களில் காளான் கண்காட்சி நடக்கும். அங்கே தெரிந்தவர்கள் உங்கள் கூடையைப் பார்த்துச் சொல்வார்கள். நான் முதல் முறை பெருமையோடு கொண்டுபோன கூடையில் ஒரு பெண்மணி விரலால் கிளறிப் பார்த்து, முக்கால்வாசியை ஒன்றும் பேசாமல் பக்கத்து வாளியில் போட்டார். கூடை எப்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னார்: காற்று புகும் பின்னல் கூடை. பிளாஸ்டிக் பையில் வைத்தால் நல்ல காளானும் வெந்து கெட்டுவிடும்.

செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு விஷயம். எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக் காலம் வடக்கே செப்டம்பரிலும் தெற்கே அக்டோபரிலும் தொடங்கும். காட்டுக்குப் போக உங்களுக்கு அப்போதும் உரிமை உண்டு, ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற நிறத்தில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

கடிப்பவை

கரடியையும் ஓநாயையும் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், பார்ப்பதே அபூர்வம். கவலைப்பட வேண்டியது உண்ணி. வெயில் ஏறத் தொடங்கிய வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை உயரமான புல்லில் காத்திருக்கும். இரண்டு நோய் வரலாம். மூளையைத் தாக்கும் டி.பி.இ. வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு, ஸ்டாக்ஹோம் தீவுகள், மேலரன் ஏரிப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். பொரேலியா பாக்டீரியா, அதற்கு மாத்திரையால் சிகிச்சை. கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாள், சில வாரம் கழித்துச் சிவப்பு வட்டம் விரிந்துகொண்டே போனால் மருத்துவரைப் பாருங்கள். நம் தோல் நிறத்தில் அந்தச் சிவப்பு அவ்வளவு எடுப்பாகத் தெரியாது, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உண்ணியை எடுக்க எண்ணெயும் வேண்டாம் தீக்குச்சியும் வேண்டாம், மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நடந்தால் பாதி வேலை மிச்சம். அழகாக இருக்காது, பரவாயில்லை.

நச்சுப் பாம்பு ஒன்றே ஒன்று, ஹுக்கோர்ம், விரியன் வகை. பாறையில் வெயில் காயும். நம் ஊர் விரியனோடு ஒப்பிட்டால் சாது, கடித்தால் சாவது மிக அரிது, ஆனாலும் கடிபட்ட கையை காலை ஆட்டாமல் வைத்து மருத்துவமனை போக வேண்டும். அடிக்கக் கம்பு தேடாதீர்கள், அதுவும் சட்டப் பாதுகாப்பில் இருப்பது.

தண்ணீர், பனிக்கட்டி

கோடையில் ஏரியில் குதிப்பதற்கு ஒரு வழிகாட்டியும் வேண்டாம். பொதுக் குளியல் துறைகளில் மரப்பாலம், ஏணி எல்லாம் இருக்கும். துண்டைச் சுற்றிக்கொண்டு அதற்குள்ளேயே உடை மாற்றும் கலையை மட்டும் வீட்டில் ஒருமுறை பழகிக்கொண்டு போங்கள். குளிர்காலத்தில் நீராவிக் குளியல் அறையில் வெந்துவிட்டுப் பனிக்கட்டியில் வெட்டிய துளையில் இறங்குகிறார்கள். மேலே சொன்ன நடைபாதை ஓரத்திலேயே ஹெல்லாஸ்கோர்டன் என்ற இடத்தில் இது உண்டு. நான் இறங்கியிருக்கிறேன். பன்னிரண்டு விநாடி. மறுபடி இறங்குவேனா என்று கேட்காதீர்கள்.

உறைந்த ஏரிமேல் நடப்பது வேறு விஷயம். எல்லோரும் நடக்கிறார்களே என்று இறங்கக்கூடாது. புதிதாக உறைந்த கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. இருக்க வேண்டும். பாலத்தின் அடியில், நாணல் ஓரம், ஓடை வந்து கலக்கும் இடம் எல்லாம் மெலிந்திருக்கும். மார்ச்சில் அரை அடி தடிமன் இருந்தாலும் உள்ளே இற்றுப்போயிருக்கலாம், அளவை நம்ப முடியாது. தனியாகப் போகவே போகாதீர்கள். கழுத்தில் ஈஸ்டுப்பர் மாட்டிக்கொள்ளுங்கள், கைப்பிடி வைத்த இரண்டு ஆணிகள், விலை மிகக் குறைவு. உடைந்து விழுந்தால், வந்த பக்கமே திரும்புங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் உங்களை இதுவரை தாங்கியது. ஆணியைக் குத்திக் காலை உதைத்து மேலே இழுத்து, எழுந்து நிற்காமல் உருண்டு நகருங்கள். மாற்றுத்துணியை நீர் புகாத பையில் கட்டி முதுகில் வைத்திருந்தால் அது மிதவையாகவும் உதவும்.

வடக்கே, மலையில்

அபிஸ்கோவிலிருந்து ஹேமாவன் வரை சுமார் 440 கி.மீ. போகும் குங்ஸ்லேடன் பாதையைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகிவிடும். இரண்டே விஷயம் சொல்கிறேன். ஸ்டாக்ஹோமில் பக்கத்து வீட்டுக்காரர் மின்தூக்கியில் முகம் பார்க்க மாட்டார், அதே ஆள் மலைப்பாதையில் எதிரே வந்தால் ‘ஹெய்’ சொல்வார், நீங்களும் சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் பயணியர் குடில்களில் பணம் கட்டித்தான் தங்குவீர்கள், ஆனாலும் விறகு பிளப்பது, ஓடையிலிருந்து தண்ணீர் சுமப்பது, கிளம்பும்முன் தரை துடைப்பது எல்லாம் உங்கள் வேலை. அடுத்து வருபவருக்கு விறகுப் பெட்டி நிறைந்திருக்க வேண்டும்.

கலைமான்கள் குறுக்கே வந்தால் நின்றுவிடுங்கள், துரத்திப் படம் எடுக்காதீர்கள். காட்டு விலங்கு மாதிரித் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் சாமி (Sámi) என்ற வடக்கத்திப் பழங்குடி மக்களில் ஒரு சொந்தக்காரர் உண்டு, காதில் வெட்டுக்குறி இருக்கும். ‘உங்களிடம் எத்தனை கலைமான்?’ என்று ஒரு சாமிக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள், அது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது மாதிரி.

வீட்டுக்கு வந்ததும்

உடை கழற்றும்போதே உண்ணி தேடுங்கள். முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பிள்ளைகளுக்குத் தலைமுடி ஓரமும் காதின் பின்பக்கமும். காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். பழத்தை நாளைக்குப் பார்க்கலாம், காளானை அன்றைக்கே சுத்தம் செய்ய வேண்டும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும். கழுவாமல் தூரிகையால் மண்ணைத் தட்டி, வாணலியில் எதுவும் விடாமல் போடுங்கள். அதுவே தண்ணீர் விடும். தண்ணீர் வற்றிக் காளான் சுருளத் தொடங்கியதும் வெண்ணெய், உப்பு. வறுத்த ரொட்டிமேல் வைத்துச் சாப்பிடுவது இவர்கள் வழக்கம். நாங்கள் மிளகைக் கொஞ்சம் தாராளமாக இடித்துப் போடுகிறோம்.

சித்துண்டர்லாக்கைத் துடைத்துப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். காயட்டும் என்று பால்கனியில் வைத்தீர்கள் என்றால் அடுத்த ஞாயிறு அது அங்கேயேதான் இருக்கும், நீங்கள் பாறையில் இருப்பீர்கள்.